குழந்தை இல்லாத வரிசை

“முதல் வரிசை வேணாம். அங்கதான் தொட்டில் மாட்டுவாங்க.”

கைபேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, விமானத்தின் சீட் படத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறார் பாப்பாக்கா. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கிப் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டால் பதில் வராது. நிரம்பின சீட்டெல்லாம் சாம்பல் நிறம், காலி சீட்டெல்லாம் நீலம். நீலம் குறைவாகத்தான் இருக்கிறது. டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

“கடைசி வரிசையும் வேணாம். பாத்ரூம் பக்கம். டயப்பர் மாத்தப் போறவங்க எல்லாம் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு அங்கதான் நிப்பாங்க. ஜன்னல் ஓரமும் சரிப்படாது. வேடிக்கை காட்டறேன்னு எந்த அப்பனாவது பிள்ளையைத் தூக்கிட்டு வந்து நம்ம தலைக்கு மேல எட்டிப் பார்ப்பான்.”

“அப்ப இறக்கை மேல உட்கார்ந்து போயிடலாமா அக்கா?” என்கிறேன்.

“இறக்கைக்குப் பக்கத்துல. அவசரக் கதவு இருக்கும் பாரு, அந்த வரிசை. கைக்குழந்தையோட வர்றவங்களை அங்க உட்கார விடமாட்டாங்க. சட்டமே இருக்கு. எந்தப் புண்ணியவான் போட்டானோ, நல்லா இருக்கட்டும்.”

சீட் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு பாப்பாக்காவைத் தெரியாது. விமான நிலையத்தில் எல்லோரும் நாற்காலி தேடி உட்காரும்போது இவர் உலாத்தக் கிளம்புவார். தள்ளுவண்டி எத்தனை, தோளில் துண்டு போட்ட ஆண்கள் யார் யார், எந்தப் பையிலிருந்து பால் பாட்டில் எட்டிப் பார்க்கிறது எல்லாம் ஒரு சுற்றில் தெரிந்துவிடும். அந்தக் குடும்பங்களிடம் போய், வெகு அன்பாக, “உங்களுக்கு எந்த சீட் போட்டிருக்காங்க?” என்று விசாரிப்பார். கிட்டத்தில் வருகிறது என்று தெரிந்தால் நேராகக் கவுண்டருக்குப் போய் மாற்றச் சொல்வார். எதற்கு மாற்ற வேண்டும் என்று கவுண்டரில் இருக்கும் பெண் கேட்டால், “இந்த நம்பர் எனக்கு ராசி இல்லம்மா” என்று பச்சையாகப் பொய் சொல்வார். இதையெல்லாம் நான் கொஞ்சம் தள்ளி நின்று, இவர் யாரோ நான் யாரோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவசரக் கதவு வரிசையில் உட்கார்ந்ததும் பணிப்பெண் வந்து, ஆபத்து என்றால் கதவைத் திறக்க உதவுவீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்பார். பாப்பாக்கா என் தோளுக்குக்கூட எட்ட மாட்டார். மருந்து பாட்டில் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுகிறவர். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து, “தாராளமா திறப்பேன்மா” என்பார். பணிப்பெண் நகர்ந்ததும் என் பக்கம் சாய்வார். “ஆபத்துன்னா நீ கதவைத் திற. நான் கத்தறேன். எனக்குத் தெரிஞ்ச தொழில் அதுதானே.”

அந்தத் தொழிலை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், இந்த மனுஷிக்குக் குழந்தைகளைக் கண்டாலே ஆகாது என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். பாப்பாக்காவின் தொழில், குழந்தையாக அழுவது.

படத்திலும் தொடரிலும் விளம்பரத்திலும் கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதால், அது இவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நான் ஒலிப்பதிவாளன். டப்பிங் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இப்படியே பல வருடங்கள் ஓடிவிட்டன. வெளியூர் ஸ்டூடியோக்களும் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிடுகின்றன, அதனால் சேர்ந்தே பறக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை ஐம்பது வயதைத் தாண்டியும் அழுதுதான் வீட்டு வாடகை கட்டுகிறது.

பேசும்போது அவர் குரலைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். மாவு மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். தொலைபேசியில் எதிர்முனை எப்போதும் “சொல்லுங்க சார்” என்றுதான் ஆரம்பிக்கும். அவரும் திருத்த மாட்டார். “சார்னா வேலை சீக்கிரம் நடக்குது. இருந்துட்டுப் போகட்டும்.” ஆனால் மைக்குக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இரண்டு கைகளையும் மார்புக்கு மேலே சுருட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார் என்றால், அந்தக் கரகரப்பு எங்கே போகிறதோ தெரியாது. என் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விடும். ஒருமுறை பக்கத்து அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் ஓடி வந்து, குழந்தையை யார் இப்படி விட்டுவிட்டுப் போனது என்று என்னைப் பிடித்துத் திட்டினார். நான் கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினேன். உள்ளே நரைத்த தலையோடு பாப்பாக்கா வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர்களோடு அவருக்கு எப்போதும் ஒரே சண்டைதான்.

“பசியா, தூக்கமா, வயித்து வலியா?” என்று கேட்பார்.

“ஏதோ அழுதா சரிங்க.”

“ஏதோன்னு எந்தப் பிள்ளையும் அழாது தம்பி. காரணத்தைச் சொல்லுங்க, அழறேன்.”

நிஜக் குழந்தையை அழவைத்துப் பதிவு செய்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். குழந்தை நாம் சொல்கிற இடத்தில் ஆரம்பித்து, நாம் சொல்கிற இடத்தில் நிறுத்தாது. தவிர, இதற்காக ஒரு குழந்தையை அழவைப்பதற்கு மனசு கல்லாக இருக்க வேண்டும். அதனால் பாப்பாக்கா வேண்டியிருக்கிறார். அவருக்கு நூறு அழுகை தெரியும். எல்லாமே எங்கேயோ ஒரு குழந்தையிடம் கேட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், பேருந்தில், கடை வாசலில். ஒருதரம் கேட்டால் போதும், அப்படியே திருப்பிக் கொடுப்பார்.

அந்தக் காலத்தில் விமானத்தில் இவர் எந்த சீட் கேட்பார் தெரியுமா? முதல் வரிசை. தொட்டில் மாட்டுகிற அதே வரிசை. பக்கத்தில் குழந்தை இல்லாவிட்டால் முகம் வாடிப்போகும். குழந்தை அழ ஆரம்பித்தால் தலையைச் சாய்த்துக்கொண்டு, நாமெல்லாம் பாட்டுக் கேட்பதைப் போலக் கேட்பார். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவரோடு பயணம் செய்த காலம் அது.

ஒருநாள் திடீரென்று எல்லாம் தலைகீழாயிற்று. அவசரக் கதவு, ராசி இல்லாத நம்பர், உலாத்தல் எல்லாம் வந்து சேர்ந்தன. வயதாகிவிட்டது, சலித்துவிட்டது என்று நினைத்தேன். “இனிப்புக்கடைக்காரனுக்கு இனிப்பு திகட்டற மாதிரியா அக்கா?” என்று கேலிகூடச் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அதே சமயத்தில் அவருடைய அழுகையும் மாறியிருந்தது. தொழில் தெரிந்த அழுகைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு இயக்குநர் தலையைச் சொறிந்துகொண்டு, “அக்கா, முன்ன மாதிரி உயிர் இல்லையே” என்றார். “உயிர் இருந்தா ஆபத்து தம்பி, இது போதும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த இயக்குநர் அப்புறம் கூப்பிடவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு வேலை வந்தது. வேலை நடக்கும் ஊரின் பெயரைக் கேட்டதும் பாப்பாக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “அங்கதான் என் தங்கச்சி இருக்கா” என்றார். எனக்கு அந்தத் தங்கையைத் தெரியும், அதாவது பேச்சில் தெரியும். முன்பெல்லாம் நாளைக்கு நாலு தடவை அவருடைய போன் வரும். யோசித்துப் பார்த்தபோதுதான், ரொம்ப நாளாக அந்தப் போன் வரவில்லை என்பது உறைத்தது.

சீட் தேர்வெல்லாம் வழக்கம்போல நடந்தது. அவசரக் கதவு வரிசை, நடைபாதை ஓரம். உலாத்திவிட்டு வந்து, “இன்னிக்குப் பரவாயில்ல, பிள்ளைங்க எல்லாம் முன்னாடி போகுது” என்று நிம்மதியாக பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கதவு மூடப்போகிற சமயத்தில் மூச்சிரைக்க ஒரு இளம் தாய் ஓடி வந்தார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வந்தவர் எங்களுக்கு நேர் பின்வரிசையில் உட்கார்ந்தார். சட்டம் கதவு வரிசைக்குத்தான். அதற்குப் பின்னால் இருக்கிற வரிசைக்குச் சட்டமும் இல்லை, சமாதானமும் இல்லை.

பாப்பாக்கா என்னைப் பார்த்தார், நான்தான் அவர்களைக் கூட்டி வந்தேன் என்பது போல. “எங்கிருந்துடா வந்தாங்க?”

“படிக்கட்டு வழியாத்தான் அக்கா.”

“விளையாடாத. வேற சீட் இருக்கா பாரு.”

விமானம் நிரம்பி வழிந்தது. பஞ்சை எடுத்துக் காதில் அடைத்தார். அதற்கு மேலே ஹெட்போனை மாட்டினார். கிளம்பி மேலே ஏறியதும் பின்னாலிருந்து முதல் சிணுங்கல் வந்தது. பாப்பாக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

“பேசுடா. எதையாவது பேசு. வாயை மூடாத.”

நான் இயல்பிலேயே கஞ்சத்தனமாகப் பேசுகிறவன். வீட்டுக்காரரோடு தண்ணீர்க் குழாய்க்காக நடக்கும் தகராறைச் சொன்னேன். பல் டாக்டர் தப்பான பல்லில் கை வைத்ததைச் சொன்னேன். என் அண்ணன் வாங்கிய பழைய காரைப் பற்றிச் சொன்னேன். சரக்கு தீர்ந்துவிட்டது. பின்னால் சிணுங்கல் அழுகையாகிவிட்டது.

“என்கிட்ட ஒண்ணும் பாக்கி இல்ல அக்கா. இனி நீங்க பேசுங்க. எதுக்கு இந்த ஓட்டம்? குழந்தை அழுதா என்ன, உங்களைக் கடிச்சுத் தின்னுடுமா?”

அவர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

அந்தத் தங்கை அவருக்கு ரொம்ப இளையவர். அம்மா மில் வேலைக்குப் போனதால், தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தது பாப்பாக்காதான். “அவ அழுதா நானும் அதே மாதிரி அழுது காட்டுவேன். அவ அழுகையை நிறுத்திட்டு என் மூஞ்சியவே பார்ப்பா. இந்தத் தொழில் அப்படி வந்ததுதான்.” தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பாப்பாக்கா எல்லா வேலையையும் தள்ளிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். பெரியம்மா ஆன சந்தோஷத்தில் எங்களுக்கெல்லாம் தினம் ஒரு படம் அனுப்பிக்கொண்டிருந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

“எங்க குட்டியோட அழுகை யார் அழுகை மாதிரியும் இருக்காதுடா. முதல்ல ஒரு விக்கல். அப்புறம் ஒரு சின்ன யோசனை, அழலாமா வேணாமான்னு. அதுக்கப்புறம்தான் அழுகை. கேட்டா சிரிப்பு வரும், அழுகையும் வரும்.”

ஊர் திரும்பியதும் முதல் வேலை, ஒரு குழந்தை சோப்பு விளம்பரம். மட்டமான சோப்பு கண்ணில் பட்டு ஒரு பாப்பா அழ வேண்டும். அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் டேக்கிலேயே முடிந்தது. ஒரு விக்கல், ஒரு இடைவெளி, அப்புறம் அழுகை. கேட்ட எல்லோரும் ஒரு நிமிஷம் உறைந்துபோனோம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

“வேணும்னு பண்ணலடா. வாயைத் திறந்தேன், குட்டி வந்துட்டா.”

விளம்பரம் வெளியான முதல் நாள் தங்கை குளித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் மகள் அழுகிற சத்தம் கேட்டு, சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தால், குழந்தை உள் அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறது. டிவிதான் அழுதுகொண்டிருக்கிறது. உடனே அக்காவுக்குப் போன் போட்டு, “அக்கா, என் பொண்ணு டிவிக்குள்ள போய் அழறா” என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

“அன்னிக்கே நான் பயந்திருக்கணும். சிரிச்சுட்டேன்.”

சோப்பு நன்றாக விற்றது. விளம்பரம் எந்த நேரமும் ஓடியது. சொந்த டிவி, எதிர்வீட்டு டிவி, கீழ்வீட்டு டிவி என்று எங்கும் குட்டி அழுதாள். தங்கை ஓடி ஓடி ஏமாந்து, கடைசியில் ஓடுவதை விட்டுவிட்டார். புலி வருது புலி வருது என்ற கதைதான். ஒரு மத்தியானம் அவர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அழுகை கேட்டது. இந்தச் சோப்புக்காரனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு வாளியில் இருந்த துணி முழுவதையும் உதறி, கிளிப் மாட்டி, காயப்போட்டு முடித்தார். உள்ளே வந்தால் டிவி ஓடவே இல்லை. குட்டியின் கால் தொட்டில் கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அழுவதற்குத் தெம்பில்லாமல் விக்கிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது குழந்தை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கால் வீங்கியதோடு சரி, இரண்டு நாளில் வற்றிவிட்டது. ஆனால் தங்கை போன் போட்டுச் சொன்னதை பாப்பாக்கா அப்படியே எனக்குச் சொன்னார், தங்கையின் குரலிலேயே. “என் பிள்ளை அழுதா நான் ஓடணும் அக்கா. என்னை ஓடவிடாம பண்ணிட்டியே.” அவ்வளவுதான். அதற்கப்புறம் போன் வரவில்லை. இவர் போட்டால் எடுக்கவில்லை. சோப்புக்காரர்களிடம் போய், வேறு அழுகை அழுது தருகிறேன், இதை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். இந்த அழுகைதான் விற்கிறது அம்மா என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

“அதுக்காக உலகத்துல எந்தக் குழந்தை பக்கத்துலயும் உட்கார மாட்டீங்களா?” என்றேன்.

“எனக்குக் காதுல போனா வாய்ல வந்துடுது. யார் பிள்ளைன்னு பார்த்தா வருது? இதோ, பின்னாடி இருக்கறது யாரோ. ஆனா அதோட அம்மாவும் ஒருநாள் எங்கயாவது துணி காயப்போட்டுக்கிட்டுத்தான் இருப்பா.”

இவ்வளவு நாள் கேலி செய்த வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று தோன்றியது.

விமானம் இறங்க ஆரம்பித்ததும் பின்வரிசைக் குழந்தை அடித்தொண்டையிலிருந்து அலறியது. நாலைந்து தலைகள் திரும்பின. ஒரு ஆள் சத்தமாகவே ‘உச்’ கொட்டினார். அந்த இளம் தாய் எல்லோரிடமும் சாரி சாரி என்று சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. பாப்பாக்கா ஹெட்போனை மறுபடி மாட்டப் போனார். மாட்டவில்லை. காதிலிருந்த பஞ்சையும் பிடுங்கிவிட்டு இரண்டு சீட்டுக்கு நடுவில் முகத்தை வைத்துப் பின்னால் பார்த்தார்.

“காது அடைக்குதும்மா அதுக்கு. பாட்டில் இருந்தா குடு. இறங்கற வரைக்கும் சப்பிக்கிட்டே இருக்கட்டும். நீ எதுக்கு எல்லார்கிட்டயும் சாரி சொல்லிக்கிட்டு? இவங்கெல்லாம் பிறந்தப்பவே பேப்பர் படிச்சுக்கிட்டா பிறந்தாங்க?”

பாட்டில் வாய்க்குப் போனதும் குழந்தை அடங்கிற்று. உச் கொட்டியவரும் அடங்கினார். பாப்பாக்கா நேராக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“மேல் பல்லும் வருது அதுக்கு” என்றார். பிறகு மெதுவாக, “போச்சு. இதுவும் உள்ள போயிடுச்சு.”

வேலையை முடித்துவிட்டு ஊர் திரும்பும் நாளில், “நீயும் கூட வா” என்றார். தங்கையின் கணவர் ரகசியமாகப் போன் செய்திருந்தாராம். அவ கூப்பிடமாட்டா, ஆனா வந்தா கதவைச் சாத்தமாட்டா என்று. “நீ எதுக்குத் தெரியுமா? வெளியாள் இருந்தா அவ கத்தமாட்டா.” போகிற வழியில் ஒரு பொம்மைக் கடையில் என்னைப் பாடாய்ப் படுத்தினார். ஒவ்வொரு பொம்மையாக எடுத்து அமுக்கி, குலுக்கி, காதில் வைத்துப் பார்த்து, கடைசியில் எந்தச் சத்தமும் வராத ஒரு துணி முயலை வாங்கினார். கடைக்காரர், சத்தம் வருகிற பொம்மைதான் குழந்தைக்குப் பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தார். “இருக்கற சத்தம் போதும்” என்றார் பாப்பாக்கா.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த தங்கை அக்காவைவிட ஒரு தலை உயரம். முகம் மட்டும் அச்சாக அக்காவுடையது. என்னைப் பார்த்து “வாங்க” என்றார். அக்காவுக்குக் கதவை மட்டும் அகலத் திறந்தார். கூடத்தில் டிவியின் மேல் ஒரு போர்வை போர்த்தியிருந்தது. அதன் வயரைச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தங்கை எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உட்காராமல், அந்தக் கதவை அடைத்தாற்போல் நின்றுகொண்டார்.

“குட்டி தூங்கறா” என்றார்.

“எழுப்ப வேணாம். தூங்கட்டும். நடக்கறாளாமே?”

“ம்.”

“கால்…”

“கால் நல்லா இருக்கு.”

பாப்பாக்கா முயலின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். யார் முன்னாலும் அழத் தயங்காதவர், சோபாவின் நுனியில் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“இப்ப எப்படி அழறே?” என்று தங்கை கேட்டார்.

“கலந்து கட்டி அழறேன். எந்தப் பிள்ளையோடதும் இல்ல.”

“அந்த விளம்பரம் நின்னே ரொம்ப நாள் ஆச்சு.”

“தெரியும்.”

“நின்னு என்ன பிரயோஜனம்? இப்பவும் அவ அழுதா நான் ஒரு நொடி நிக்கறேன் அக்கா. நிஜமா, அதுவான்னு. பெத்தவ நிக்கலாமா? அந்த ஒரு நொடியைத்தான் என்னால மறக்க முடியல. உன் மேல கோபம்கூட இல்ல. கோபம் தீர்ந்துபோச்சு. இது தீர மாட்டேங்குது.”

பாப்பாக்கா, “தப்புதான்” என்றார். “என்ன பண்ணினா தீரும்னு சொல்லு. பண்றேன்.” தங்கைக்கும் அது தெரியவில்லை. நான் காலியான தம்ளரை இன்னொரு தடவை குடித்தேன்.

அப்போதுதான் அது கேட்டது. ஒரு விக்கல். ஒரு சின்ன இடைவெளி. அதற்குப் பிறகு அழுகை.

தங்கை திரும்பி உள்ளே ஓடவில்லை. அவர் கண்கள் நேராக அக்காவின் வாய்க்குப் போயின.

ஒரே ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடி முழுவதும் உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. தான் எங்கே பார்க்கிறோம் என்பது தங்கைக்கும் தெரிந்துவிட்டது.

பாப்பாக்கா எழுந்து போனார். உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை. தங்கையின் வலது கையைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, தன் தொண்டையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். எச்சில்கூட விழுங்காமல் நின்றார். குழந்தை இன்னும் பலமாக அழுதது. அந்தக் கைக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

தங்கை கையை எடுத்தார். எடுத்த கையை அக்காவின் முதுகில் வைத்து, அறைக்குள் முன்னால் தள்ளினார்.

“போ அக்கா. அழறா பாரு.”